‘மற்றவை’க்குள் அடங்காத அக்கா

அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. மறந்துபோய் அல்ல. தன் பெயரை எங்கே எழுதலாம், யார் எழுதலாம் என்பதைத் தானே முடிவுசெய்தவர் அவர். அதற்காகக் கணவரோடும் ஒரு மாகாணத்தின் தேர்தல் அதிகாரிகளோடும் சண்டை பிடித்தவர். அவரைக் கேட்காமல் நான் எழுதினால் எங்கே இருந்தாலும் தேடி வந்து ஏசுவார். ஏச்சு வாங்க இந்த வயதில் எனக்குத் தெம்பில்லை. அக்கா என்றே சொல்லிவிட்டுப் போகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. மொன்றியலில் லாசால் பக்கம், மெட்ரோவின் கடைசி ஸ்டேஷனில் இறங்கி இன்னொரு பஸ் எடுத்துப் போகவேண்டிய ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம். நாங்கள் ஐந்து ஆண்கள் ஒரு படுக்கையறை வீட்டில் இருந்தோம். வீட்டுக்காரனுக்குத் தெரிந்தது இரண்டு பேரைத்தான். அகதி வழக்குக்கு எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் ரெஸ்ரோரண்டுகளில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். எதிர்க் கதவில் அக்காவும் அவருடைய கணவரும். அவரை அத்தான் என்போம். அக்காவின் தம்பி முன்னமே இங்கே வந்திருந்தார். அவர் ஸ்பொன்சர் செய்ததால், எண்பத்து மூன்று கலவரம் முடிந்த கையோடு இருவரும் வந்து சேர்ந்து, நாங்கள் இன்னும் வழக்குக்குக் காத்திருந்தபோதே குடியுரிமையும் எடுத்துவிட்டார்கள். அந்தக் கட்டடத்துத் தமிழர்களில் வோட்டுரிமை உள்ளவர்கள் அவர்கள் இருவர் மட்டும். அதை அக்கா எங்களுக்கு மறக்கவிட்டதேயில்லை.

"என்ன, வோட்டில்லாத வீடு, சாப்பிட்டாச்சோ?" என்று வெளியே நின்று குரல் கொடுப்பார். கதவைத் தட்டமாட்டார். எங்கள் ஆட்கள் யாருமே அந்தக் கட்டடத்தில் கதவைத் தட்டுவதில்லை. தட்டும் சத்தம் கேட்டால் வீட்டுக்காரன் அல்லது பொலிஸ் என்று அர்த்தம். உடனே ரீவியை நிறுத்தி, வாசலில் கிடக்கும் சப்பாத்துகளை அள்ளி உள்ளே எறிந்து, மூச்சுக்கூட விடாமல் இருப்போம். தமிழன் வந்தால் தமிழில் கூப்பிடுவான். அதுதான் எழுதாத சட்டம்.

ஆட்களை இனம் பிரித்துப் பார்ப்பது அக்காவின் வியாதி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தொடங்கிவிடும். "முன்னுக்கு இருக்கிற மனுசி இத்தாலி. அந்தப் பிள்ளையள் ஹெயிட்டி. ட்ரைவர் பிரெஞ்சு. இதில ஆராருக்கு வோட்டு இருக்கெண்டு சொல்லு பாப்பம்."

"எனக்கென்னெண்டக்கா தெரியும்?"

"தெரிஞ்சிருக்க வேணும். தெரியாட்டி ஒருநாள் உனக்குத் தெரியாமலே உன்னைக் கணக்கிலயிருந்து எடுத்துப்போடுவாங்கள்."

அவர் திருகோணமலைக்காரி. அந்த மாவட்டத்தில் தமிழர் எத்தனை, முஸ்லிம்கள் எத்தனை, சிங்களவர் எத்தனை என்று ஒவ்வொரு தேர்தலுக்கும் சந்தியில் நின்று கதைப்பார்கள். புதிதாக ஒரு குடியேற்றம் வரும். எங்கோ ஒரு எல்லைக் கோடு நகரும். போன முறை பெரும்பான்மையாக இருந்தவன், வீட்டை விட்டு ஓரடி நகராமலே இந்த முறை சிறுபான்மை ஆகியிருப்பான். "நாங்கள் இருந்த இடத்திலதான் இருந்தனாங்கள் தம்பி. எங்களைச் சுத்தி எண்ணிக்கையை மாத்திப்போட்டாங்கள்," என்று சொல்லும்போது மட்டும் அக்காவின் குரல் இறங்கும். மற்ற நேரமெல்லாம் அது ஏறியே இருக்கும்.

தையல் ஃபக்ரறியில் வேலை செய்தார். அங்கே இவருக்குப் பக்கத்து மெஷினில் இருந்த போர்த்துக்கல்காரி இந்த நாட்டுக்கு வந்து இருபது வருசத்துக்கு மேல். பேரப்பிள்ளையும் கண்டாயிற்று. ஆனால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவேயில்லை. அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அரைகுறைப் பிரெஞ்சில் "பூர்க்குவா? பூர்க்குவா?", ஏன், ஏன் என்று அந்த மனுசியை ஒரு மாரிகாலம் முழுக்க அரித்து எடுத்தார். கடைசியில் அந்த மனுசி விண்ணப்பம் போட்டது நாட்டுப்பற்றால் அல்ல, நிம்மதியாக ஒரு வாய் சாப்பிடத்தான் என்று நான் நினைக்கிறேன்.

கட்டடத்தின் கீழ் வாசலில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அவற்றில் எங்கள் ஆட்கள் யாருடைய பெயரும் கிடையாது. முன்னே இருந்த கிரேக்கர்களின், இத்தாலியர்களின் பெயர்களை அப்படியே விட்டிருந்தோம். யார் இருக்கிறார்கள் என்று எதற்கு ஊருக்குச் சொல்வான்? அக்கா மட்டும் தங்கள் பெட்டியில் இருந்த கிரேக்கனுடைய பெயருக்கு மேலே தன் முழுப் பெயரையும் நகப்பூச்சால் சிவப்பாக எழுதினார். இரண்டு நாளில் யாரோ சுரண்டிவிட்டார்கள். திரும்ப எழுதினார். திரும்பச் சுரண்டப்பட்டது. வீட்டுக்காரன்தான் என்று நாங்கள் அவனைத் திட்டித் தீர்த்தோம். ஒருநாள் நான் வேலைக்குப் போக இறங்கும்போது அத்தான் அங்கே பேனாக்கத்தியோடு நின்றார். என்னைக் கண்டதும் கத்தியை மடித்துப் பொக்கெற்றுக்குள் போட்டுக்கொண்டு, "குளிர் தொடங்கீட்டுது, என்ன?" என்றார். அப்போது ஆவணி மாதம், நல்ல வெயில்.

அத்தானைப் பகிடி செய்வது எனக்கு லேசு. ஆனால் அவர் கோழை அல்ல. கொழும்பில் ஒரு வங்கியில் கிளாக்காக இருந்தவர், இங்கே ஆற்றுக்கு அப்பால் லொங்குய்யில் ஓர் அலுவலகம் கூட்டித் துடைத்தார். எண்பத்து மூன்று ஜூலையில் வெள்ளவத்தையில் அவர்களுடைய ஒழுங்கைக்கு ஆட்கள் வந்தபோது, பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா வாசலில் நின்று, இங்கே தமிழர் யாரும் இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறார். வந்தவர்களில் ஒருவன் கையிலிருந்த தாள்களைப் புரட்டி, வீட்டு இலக்கத்தைப் பார்த்து, அத்தானின் பெயரையும் அக்காவின் பெயரையும் உரத்து வாசித்தானாம். அது வாக்காளர் இடாப்பு, வோட்டுப் போடுகிறவர்களின் பெயர்ப்பட்டியல். பின்மதிலுக்கு அப்பால் குந்தியிருந்த இருவரும் தங்கள் பெயர்களைக் கேட்டார்கள். பிறகு வீடு எரிந்ததையும் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அத்தான் தன் பெயரை யாரிடமும் சத்தமாகச் சொல்வதில்லை. அக்காவோ அதற்கு நேரெதிர். ஒரே மதிலுக்குப் பின்னால் இருந்த இரண்டு பேரும் இரண்டு பாடம் படித்துக்கொண்டு வந்திருந்தார்கள்.

அந்த வருசம் மாகாணத் தேர்தல் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் ஒன்றின் கீழ்மண்டபத்தில் தமிழ் ஆட்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டம். கூட்டியவர் பியர்பொன்ட்ஸ் புறநகரில் சொந்த வீடு வாங்கி இருந்த ஒருவர். கோட்டும் கழுத்துப்பட்டியும். மாகாணத்தைக் கனடாவிலிருந்து பிரிக்கக் கேட்கும் கட்சியை எதிர்த்து நின்ற கட்சிக்கு ஆள் சேர்த்துக்கொண்டு திரிந்தார். கரும்பலகையில் எங்கள் தொகுதியின் வாக்காளர்களைப் பிரித்து எழுதினார். பிரெஞ்சுக்காரர், ஆங்கிலக்காரர், இத்தாலியர், கிரேக்கர், ஹெயிட்டிக்காரர், கடைசியில் ‘மற்றவை’.

"பிரெஞ்சு ஆக்கள் ரெண்டாப் பிரிவினம். ஆனா வெளிநாட்டு ஆக்கள்ர வோட்டு முழுக்க எங்கட பைக்குள்ளதான்," என்றார். "எங்கட சனத்துக்கு இன்னும் வோட்டில்லை. பரவாயில்லை. வாற கிழமை வேட்பாளர் வாறார். எல்லாரும் வேட்டி சேலையோட வந்து நில்லுங்கோ. படம் எடுத்துப் பேப்பரில போடுவினம்."

பின்வரிசையில் அக்கா எழும்பினார். "அண்ணை, ஒரு கேள்வி. வோட்டில்லாத ஆக்களைக் காட்டியோ வோட்டுக் கேக்கப்போறியள்?"

"இல்லைத் தங்கச்சி, இது எங்கட சனத்துக்கு ஒரு அறிமுகம்..."

"எங்கட சனத்துக்கு வோட்டில்லையெண்டு ஆர் சொன்னது? எனக்கு இருக்கு. அந்தப் பலகையில நான் எங்க?"

அவர் சிரித்துக்கொண்டு ‘மற்றவை’யைக் காட்டினார். அக்கா நடந்துபோய், வெண்கட்டியை அவர் கையிலிருந்து வாங்கி, ‘மற்றவை’க்குக் கீழே ‘தமிழர்’ என்று எழுதி, அதற்கு நேரே 2 என்று போட்டார். "ரெண்டு. ஆனா அது உங்கட பைக்குள்ள இல்லை," என்றார். மண்டபம் சிரித்தது. நான் கை தட்டினேன். அத்தான் தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நாட்களில் நிலையான வாக்காளர் இடாப்பு கிடையாது. ஒவ்வொரு தேர்தலுக்கும் முன்னால் இரண்டிரண்டு பேராக வீடு வீடாக வந்து பெயர் பதிவார்கள். எங்கள் மாடிக்கு அவர்கள் வந்தபோது அக்கா வேலையில். நாங்கள் வழக்கம்போல ரீவியை நிறுத்திவிட்டு, சப்பாத்தை உள்ளே எறிந்துவிட்டு இருந்தோம். கதவில் இருந்த சின்னக் கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். ஒரு வயதான அம்மாவும் ஒரு மாணவனும். அத்தானுக்கு அன்று நேரம் சரியில்லை. உடுப்புக் கழுவிய கூடையோடு கீழேயிருந்து வந்து, திறப்பைக் கதவில் போட்ட நிமிடம் அகப்பட்டுவிட்டார்.

மாணவன் பெயரைக் கேட்டான். அத்தான் கூடையைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். பிறகு தபால் பெட்டியில் இருந்த கிரேக்கனுடைய பெயரைச் சொன்னார்.

கனேடியப் பிரஜையா? ஓம். மனைவி? இல்லை, தனியாள்.

அந்த அம்மா அவருடைய முகத்தைப் பார்த்தார், கையிலிருந்த தாளைப் பார்த்தார், எழுதிக்கொண்டார். மெர்சி என்று சொல்லிவிட்டு எங்கள் கதவைத் தட்டினார். நாங்கள் திறக்கவில்லை.

சில நாளில் அச்சடித்த இடாப்பு ஒவ்வொரு தபால் பெட்டிக்கும் வந்தது. அன்று பின்னேரம் எதிர் வீட்டில் எழுந்த சத்தத்துக்கு எங்கள் ரீவி தேவைப்படவில்லை.

"ஒரு கிரேக்கனோடயோ நான் இவ்வளவு காலமும் குடும்பம் நடத்தியிருக்கிறன்? அதுவும் தனியாளாம். அப்ப நான் ஆர்? கறி காய்ச்ச வந்தவளோ?"

"கத்தாதையும். அண்டைக்கு அவங்கள் கையில வச்சிருந்தது இந்தப் பேப்பர்தான். உமக்கு மறந்துபோச்சு."

"எனக்கு ஒண்டும் மறக்கேல்லை. அந்தப் பேப்பரை வச்சு எங்கட வீட்டைக் கொளுத்தினவன் அடுத்த எலெக்‌ஷனுக்கு வரிசையில நிண்டு வோட்டுப் போட்டவன். நாங்கள்தான் போடேல்லை. அவனுக்கு வேண்டிக்கிடந்ததும் அதுதான்."

பிறகு அத்தானின் குரல் மெல்லக் கேட்டது. "பேரைத் திருத்தப் போனா, ஆர் பொய் சொன்னதெண்டு கேப்பாங்கள். அரசாங்கத்துக்குப் பொய் சொல்லியிருக்கிறன். சிட்டிசன்சிப்பைப் பறிச்சா எங்க போறது? திரும்ப அங்கயோ? போகாதையும். இந்த ஒருமுறை விடும்."

அதை ஒரு பயந்தாங்கொள்ளியின் புலம்பல் என்று என்னால் தள்ள முடியவில்லை. எங்கள் வழக்குகளும் அப்படித்தான் ஒரு பிழையான சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தன. அவர் பயந்தது நியாயம். அக்கா எங்கள் கதவுக்கு வெளியே வந்து என்னைக் கூப்பிட்டதும் நியாயம்.

"தம்பி, நாளைக்குப் பேர் திருத்தக் கடைசி நாள். என்னோட வா. உனக்குப் பிரெஞ்சு வரும்."

எனக்கு வந்தது கோப்பை கழுவும் பிரெஞ்சு. சுடுதண்ணி, கொழுப்பு, கெதியாய் என்பவற்றுக்கு மேல் என் அறிவு போகாது. அதைச் சொன்னேன். "அது காணும், அவ்வளவும் போதும்," என்றார்.

இரண்டு தெரு தள்ளி ஒரு பாடசாலை மண்டபத்தில் மூன்று பேர் மேசை போட்டு இருந்தார்கள். நடுவில் மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்ட ஓர் அம்மா. அக்கா தன் குடியுரிமைச் சான்றிதழை மேசையில் வைத்து, இடாப்பில் தங்கள் வீட்டு இலக்கத்தைத் தொட்டுக் காட்டினார். இந்த ஆள் அங்கே இல்லை, நான் இருக்கிறேன் என்றார்.

"உங்கள் கட்டடத்தில் எல்லாரும் அகதிகள் என்றல்லவா நினைத்தோம்," என்றார் ஓரத்தில் இருந்தவர், ஆங்கிலத்தில், சினேகமாகத்தான். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் அவர் பேனையைத் தேடத் தொடங்கினார்.

நடுவில் இருந்த அம்மா கேட்டார்: "இந்தப் பெயரை யார் கொடுத்தது?"

நான் தமிழில் முணுமுணுத்தேன். "அக்கா, தெரியாதெண்டு சொல்லுங்கோ."

"ஏன் தெரியாது? என்ர மனுசன் எண்டு சொல்லு."

நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா என்னை விலக்கிவிட்டுத் தானே சொன்னார். "மோன் மாரி." பிறகு ஏன் என்பதையும் சொன்னார். பிரெஞ்சும் ஆங்கிலமும், இரண்டும் முடிந்த இடத்தில் தமிழும். தமிழ் வந்த இடங்களை நான் பிரெஞ்சாக்கினேன். வீட்டு இலக்கத்தைப் பார்த்து வாசித்தவனைப் பற்றி, மதிலுக்குப் பின்னால் இருந்து தன் பெயரைக் கேட்டதைப் பற்றி. கோப்பை கழுவும் பிரெஞ்சில் அதைச் சொல்ல எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அக்காவின் கண் காய்ந்தே இருந்தது.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "மதாம், இங்கே அப்படி நடக்காது," என்றார்.

"நடக்காதெண்டா எழுதச் சொல்லு," என்றார் அக்கா என்னிடம்.

கிரேக்கனுடைய பெயரை வெட்டினார்கள். அக்கா தன் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அது நீளமான பெயர். பாதியில் ஓரத்து மனிதர் சுருக்கலாமா என்று கேட்டார். இல்லை என்றார். கணவரின் பெயரையும் நீங்களே சொல்லலாம், மனைவிக்கு அந்த உரிமை உண்டு என்று அந்த அம்மா சொன்னபோதும், அதே இல்லைதான்.

"அவருக்கு வாயிருக்கு. அவரே வந்து சொல்லட்டும். தம்பி, போய்க் கூட்டிக்கொண்டு வா." சுவரோரத்துக் கதிரையில் போய் உட்கார்ந்துகொண்டார். மண்டபத்தைப் பூட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அத்தான் வீட்டில் கழுத்துப்பட்டி கட்டி, சப்பாத்துப் போட்டு, கட்டில் விளிம்பில் இருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ.

"நான்தான் சொன்னதெண்டு சொல்லிப்போட்டாவோ?"

"ஓம் அத்தான்."

"என்ன சொன்னவை?"

"இஞ்ச அப்பிடி நடக்காதாம்."

"அங்கயும் அப்பிடித்தான் சொன்னவை." நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். "அவ எங்க?"

"கதிரையில இருக்கிறா. நீங்கள் வராட்டி எழும்பமாட்டாவாம்."

"எழும்பமாட்டா," என்றார் அத்தான். அவருக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். பெருமூச்சு விட்டு எழுந்து கோட்டை எடுத்தார்.

மேசைக்கு முன்னால் நின்று அவர் தன் பெயரைச் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னார். அப்போதும் கேட்கவில்லை. மூன்றாம் முறை, பல வருசமாக உள்ளே கிடந்த பெயர், மண்டபத்தின் மறுபக்கத்தில் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வெளியே வந்தது. அந்தப் பொய்யைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். அக்கா அவருடைய முகத்தைப் பார்க்கவேயில்லை. "சரியா எழுதுறாவோ எண்டு பார்," என்று என்னிடம் சொல்லிக்கொண்டு அந்த அம்மாவின் பேனையையே பார்த்தார். அன்று நான் அந்த இரண்டு பேரிலும் வைத்த அன்பு இன்றுவரை குறையவில்லை.

தேர்தல் நாளில் அக்கா தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சேலையைக் கட்டினார். இருவரும் நடந்தே போய்ப் போட்டுவிட்டு வந்தார்கள். அன்று அவர் எங்கள் ஐவருக்கும் சேர்த்துச் சமைத்திருந்தார். முடிவுகளை ரீவியில் பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம். எங்கள் தொகுதியில் பியர்பொன்ட்ஸ்காரரின் கட்சி வென்றது.

"நல்லது," என்றார் அத்தான், சோற்றைப் பிசைந்தபடி.

அக்கா அகப்பையை வைத்தார். "என்ன நல்லது? நீங்கள் ஆருக்குப் போட்டனீங்கள்?"

"அவைக்குத்தான்."

"அந்தப் பைக்காரனுக்கோ? நான் மண்டபத்தில அவ்வளவு சொன்ன பிறகும்? நான் அவங்களுக்கு எதிராப் போட்டிட்டு வந்திருக்கிறன்."

"நாட்டைப் பிரிக்கப்போறம் எண்டு நிக்கிறவைக்கு நான் போடமாட்டன். ஒருக்கா ஓடினது காணும்," என்றார் அத்தான். குரலைத் தாழ்த்தாமலே சொன்னார். பிறகு மீன்குழம்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

அக்காவுக்கு மெய்யாகவே கோபம். நான் சும்மா இருந்திருக்கலாம். பழக்க தோஷம் விடவில்லை.

"அப்ப ரெண்டு வோட்டும் ஒண்டையொண்டு வெட்டிப்போட்டுது அக்கா. இவ்வளவு சண்டை பிடிச்சதுக்கு, வீட்டில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்திருக்கலாம்."

அக்கா என் பக்கம் திரும்பினார்.

"வெட்டுறதுக்கு ரெண்டு வோட்டு வேணும் தம்பி. உன்னட்ட ஒண்டும் இல்லை. வாயைப் பொத்திக்கொண்டு சாப்பிடு."